காம்பாருக்கு வேவு பார்க்கப் போனோம்

ஏழு வருடங்களுக்கு முன், ஈப்போவில் நான் கண் பரிசோதனைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தபோது நடந்தது இது. அந்த ஆண்டு பேராக் மாநிலத்தில் கல்லூரிகளுக்கிடையே நடந்த கூடைப்பந்துப் போட்டியில் எங்கள் பெண்கள் அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். நான் மட்டும் அதில் சேரவில்லை. ஏனென்றால் முந்தைய ஆண்டு அதே அரையிறுதியில் எங்களைத் தோற்கடித்தது எதிரணி இல்லை, நான்தான்.

கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ என்று ஒன்று உண்டு. எதிரணிக்காரர் தவறு செய்துவிட்டால், யாரும் குறுக்கே வராமல், கோட்டில் நின்று நிதானமாகப் பந்தைப் போட விடுவார்கள். ஆட்டம் முடிய ஐந்தாறு விநாடி இருக்கும்போது எனக்கு அப்படி இரண்டு வாய்ப்பு கிடைத்தது. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் வெற்றி. எதிரணிக் கூட்டம் கத்திய கத்தலில் கை வெடவெடவென்று நடுங்கி, முதல் பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது பலகையில் மோதி என் காலடிக்கே திரும்பி வந்தது. மறுநாள் கேண்டீனில் சோறு போடும் அக்கா, "கொழம்ப தட்டுலதான் ஊத்தணுமா, இல்ல வெளியவா?" என்று கேட்டார். ஒரு வருடம் முழுக்க இதே பாட்டுதான்.

இந்த முறை விட்டால் எனக்கு அடுத்த ஆண்டு கிடையாது. படிப்பு முடிந்துவிடும். கேண்டீன் அக்கா வாயை அடைக்காமல் கல்லூரியை விட்டுப் போகக் கூடாது என்று மனதுக்குள் சபதமே போட்டிருந்தேன்.

எங்கள் அணியில் பெரும்பாலும் சீனப் பெண்கள், மூன்று மலாய்ப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் என்றால் நானும் செமோரிலிருந்து வந்த என் தோழியும்தான். அவள் வாய் சும்மா இருக்காது. என் வாயும் அப்படித்தான். யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் நாங்கள் இருவரும் தமிழில் பேசாத பேச்சு இல்லை. கோச் ஒரு சீனர், அறுபது வயது, தலையில் பெயருக்கு ஒரு முடி கிடையாது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டே அவரை "மொட்டை" என்று பேசிக்கொள்வோம். அவரும் சிரித்தபடி விசிலை ஊதுவார்.

அரையிறுதியில் எங்களோடு மோத வேண்டியது காம்பாரிலிருந்து வரும் அணி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அங்கே ஒரு நட்புறவு ஆட்டம் ஆடுவதாகக் கோச்சுக்குச் சேதி வந்தது. வழக்கமாக அவரே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அன்று அவர் பேத்திக்குப் பிறந்த நாள். அதனால் எங்கள் இருவரையும் அனுப்பினார். யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், யாரை எப்படி மடக்கலாம் என்று பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். ஒன்பதாம் நம்பர் பெண்ணைத் தடுக்கப்போவது நான் என்பதால் அவளை முக்கியமாகக் கவனிக்கச் சொன்னார்.

என் தோழியின் அண்ணனுடைய ஓட்டைக் காரில் கிளம்பினோம். கோப்பேங் தாண்டும்வரை ஏர்கோன் வேலை செய்தது, அதற்குப் பிறகு சன்னலைத் திறந்துகொண்டோம். வேவு பார்க்கப் போகிறோமாம், அதனால் அவள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு வந்திருந்தாள். மைதானத்தில் நுழைந்ததும் பத்துப் பேர் அவளையே திரும்பிப் பார்த்தார்கள். "கழட்டித் தொலைடி" என்று நான்தான் பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.

கூரை போட்ட திறந்தவெளி மைதானம். பார்க்கிறவர்கள் உட்கார சிமெண்ட் படிகள். நாங்கள் உட்கார்ந்த படிக்குக் கீழ்ப்படியில் ஒரு சீன ஆண்ட்டி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, தொளதொள டீ சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. மடியில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல் நிறைய முறுக்கு. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சீன ஆண்ட்டிக்கு முறுக்கு ருசி தெரிஞ்சிருக்கு பாருடி" என்றாள் தோழி.

"தீபாவளிக்கு யாராச்சும் குடுத்த மிச்சமா இருக்கும்" என்றேன் நான்.

அப்புறம் வேலையை ஆரம்பித்தோம். ஒன்பதாம் நம்பர் உயரமான பெண், பார்க்க மலாய்க்காரப் பெண் போல இருந்தாள். பந்து கைக்கு வந்தால் போதும், இரண்டு பேரை இடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் ஓடும்போது இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். அதைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அய்யோ, வாத்துடி!" என்றாள் தோழி.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய்க்கொழுப்பு யாரை விட்டது? "பெத்தவங்க இதுக்கு நீச்சல் கத்துக் குடுத்திருக்கலாம்லா. வாத்துக்கு எதுக்குப் பந்து?" என்றேன். இருவரும் படியில் தட்டித் தட்டிச் சிரித்தோம்.

சிரித்தாலும் கண் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கால்மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் எப்போதும் வலது பக்கமாகத்தான் போகிறாள். இடது பக்கம் வாசலைத் திறந்து வைத்தாலும் போக மாட்டேன் என்கிறாள். இடது கைக்குப் பந்து வந்தால் உடனே யாருக்காவது தள்ளிவிடுகிறாள்.

"வலது பக்கத்த அடைச்சுட்டா வாத்து அவ்ளோதான்" என்றேன். "எனக்குப் பயமெல்லாம் வேறடி. மறுபடி என்னை அந்தக் கோட்டுல கொண்டுபோய் நிப்பாட்டிட்டா? போன வருசம் மாதிரி சனம் கத்துச்சுன்னா என் கை ஆட ஆரம்பிச்சுரும்."

இப்படி எங்கள் பலம், பலவீனம், மொட்டையின் திட்டம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அலசி முடித்தோம். ஆட்டமும் முடிந்தது. எழுந்து பின்னால் ஒட்டிய தூசியைத் தட்டும்போது கீழ்ப்படி ஆண்ட்டி திரும்பினார். முறுக்குப் போத்தலை எங்கள் பக்கம் நீட்டினார்.

"வாத்தோட அம்மா சுட்ட முறுக்கு. எடுத்துக்குங்கம்மா" என்றார்.

நல்ல தமிழில்!

என் தோழி "அலாமாக்!" என்றவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் காது மடல் சுட்டது. ஓடிவிடலாமா என்று வெளியே போகும் வழியைப் பார்த்தேன். ஆண்ட்டிக்கோ சிரிப்பு தாங்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். டீ சட்டைக்குள்ளிருந்து தாலிக்கொடியை இழுத்துக் காட்டி, "பொட்டு வேர்வையில போயிருச்சு. இருந்திருந்தா நீங்க சுதாரிச்சிருப்பீங்கல்ல?" என்றார்.

பிறந்தது சீனர் வீட்டில். பெண்பிள்ளை வேண்டாம் என்று பத்து நாள் குழந்தையாகக் கொடுத்துவிட்டார்களாம். ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பம் வாங்கி வளர்த்தது. படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், கட்டிக்கொண்டது தமிழ் லாரி டிரைவரை. "எனக்குச் சீனம் பேச வராதுமா. சந்தையில காய்கறி வெல கேக்கற அளவுக்குத்தான் தெரியும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. தோட்டத்துக்கு ஒரு வீட்டிலாவது அப்படி வளர்ந்த பெண் இருப்பார். என் சொந்தத்திலேயே ஒரு அத்தை இருக்கிறார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஆரத்தி எடுப்பதே அவர்தான். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நான், ஒரு முகத்தைப் பார்த்தவுடன் 'இவருக்குத் தமிழ் தெரியாது' என்று முடிவு கட்டி, பெற்ற தாயின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து மகளை வாத்து என்றிருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

மன்னிப்புக் கேட்டேன். "அட விடும்மா, அவ நடக்கறத பாத்தா எனக்கே அப்படித்தான் தோணும்" என்றார். அதற்குமேலும் எனக்கு ஒரு கவலை இருந்தது. "ஆண்ட்டி, நாங்க பேசுனத அவங்க கிட்ட சொல்லிருவீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

ஆண்ட்டி ஒரு முறுக்கை எடுத்துப் படக்கென்று உடைத்தார். "பாக்கலாம்லா" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் காருக்குள் சண்டை. "முறுக்கு குடுத்தவங்க காட்டிக் குடுக்க மாட்டாங்க" என்று தோழி அடித்துச் சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "பெத்த பொண்ணுடி! நானா இருந்தா வூட்டுக்குப் போற வழியிலயே சொல்லிருப்பேன்" என்றேன். ஆண்ட்டி சொல்லியிருப்பார், அந்தப் பெண் உஷாராகி இனி இடது பக்கமாக வருவாள், நாம் வலது பக்கத்தை அடைத்தால் ஏமாந்துவிடுவோம் என்று என் மூளை கணக்குப் போட்டது. நடந்ததை அப்படியே கோச்சிடம் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. திங்கட்கிழமை அவர் கேட்டபோது, "ஒன்பதாம் நம்பர் இடது பக்கமாகத்தான் வருவாள்" என்று கூசாமல் சொன்னேன். அவரும் நம்பி, ஐந்து நாளும் இடது பக்கத்தை அடைக்கவே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தோழி என்னை முறைத்தாள். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை ஈப்போவில் ஆட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. எதிர்ப்பக்கக் கூட்டத்தில் நாலாவது வரிசையில் அதே துண்டு, அதே சிவப்பு மூடிப் போத்தல். இன்று நெற்றியில் பெரிய பொட்டு. என்னைப் பார்த்துக் கையாட்டினார். நான் கும்பிடுவதா, ஒளிந்துகொள்வதா என்று தெரியாமல் காலணிக் கயிற்றை இரண்டாம் முறை கட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. ஒன்பதாம் நம்பர் வலது பக்கமாக வந்தாள். நான் இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றேன். பந்து உள்ளே போனது. மறுபடி வலது பக்கம், மறுபடி உள்ளே. சும்மா நடிக்கிறாள், இப்போது திரும்புவாள் பார் என்று காத்திருந்தேன். அவள் திரும்பவே இல்லை. ஆண்ட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று எனக்கு உறைத்தபோது நாங்கள் பதினொரு புள்ளி பின்னால் இருந்தோம்.

இடைவேளையில் கோச் முகம் சிவந்து வந்தார். அதற்குமேல் தாங்காது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாத்து, நீச்சல், முறுக்கு, பொய் சொன்னது, எல்லாம். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு நிமிடம் மலாய்மொழியில் பொரிந்து தள்ளினார். பிறகு தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்து, தமிழில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"மொட்டை?"

என் தோழி குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. சின்ன வயதில் அவர் வீட்டை ஒட்டி ரப்பர் தோட்டமாம், கூட ஆடியவர்கள் எல்லாம் தமிழ்ப் பையன்களாம். மூன்று வருடமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே விசில் ஊதியிருக்கிறார்! "போ, வலது பக்கத்தை அடை" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

அடைத்தேன். உயிரைக் கொடுத்து அடைத்தேன். ஒன்பதாம் நம்பருக்கு வழி கிடைக்கவில்லை. இடது கைக்குப் பந்து போனதும் தடுமாறினாள். தோழி இரண்டு முறை அவளிடமிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். பதினொன்று ஏழானது, மூன்றானது, கடைசி நிமிடத்தில் சமமானது. ஆறு விநாடி இருக்கும்போது நான் பந்தோடு தாவினேன். ஒன்பதாம் நம்பர் என் கையில் அடித்துவிட்டாள். நடுவர் விசில் ஊதினார்.

இரண்டு ஃப்ரீ த்ரோ, எனக்கு.

அடக் கடவுளே, உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். அதே கோடு. எதிர்ப்பக்கம் தண்ணீர்ப் போத்தல்களால் நாற்காலிகளில் தட்டிக்கொண்டு கத்தியது. கை ஆட ஆரம்பித்துவிட்டது. முதல் பந்தைப் போட்டேன். வளையத்தின் முன்பக்கம் மோதி வெளியே போனது. கேண்டீன் அக்கா கண்முன்னால் கரண்டியோடு வந்து நின்றார்.

நடுவர் பந்தைத் திரும்பக் கொடுத்தார். கூட்டம் மூச்சு வாங்க ஒரு கணம் ஓய்ந்தது. அந்த ஒரு கணத்தில், எதிர்ப்பக்கம் நாலாவது வரிசையிலிருந்து மண்டபமே அதிர ஒரு குரல் வந்தது.

"ஏ புள்ள! வாத்து பாக்குது, ஒழுங்கா போடு!"

எனக்குப் பக்கத்தில் பந்துக்காகக் காத்து நின்ற ஒன்பதாம் நம்பர், "அம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் பெஞ்சில் கோச் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவ்வளவுதான், எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கோட்டில் நின்றுகொண்டே வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த வாயோடு கையைப் பார்க்கிறேன், நடுக்கம் நின்றிருந்தது. அப்படியே போட்டேன். பந்து வளையத்தைச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது, என் உயிரை வாங்கிவிட்டு உள்ளே விழுந்தது.

மீதி விநாடிகளில் ஒன்பதாம் நம்பர் நடுக்கோட்டிலிருந்து ஒன்று வீசினாள். பலகையில் பட்டு எகிறிப் போனது. ஒரு புள்ளியில் வென்றோம். தோழி என்மேல் ஏறி விழுந்ததில் முழங்கை சிராய்த்தது, அது இரவு குளிக்கும்போதுதான் எரிந்தது.

கை குலுக்க வந்த ஒன்பதாம் நம்பர், இரண்டு பாதத்தையும் அகல விரித்து, இடுப்பை ஆட்டி ஆட்டி என்னைச் சுற்றி நடந்து காட்டினாள். "வாத்துன்னு சொன்னது நீதானா?" என்றாள். ஆக, ஆண்ட்டி அதை மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறார். அதற்காக இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லையாம். இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தோம்.

ஆண்ட்டியைத் தேடிப் போனேன். மகள் தோற்ற வருத்தம் முகத்தில் இருந்தது, இல்லாமல் போகுமா? ஆனாலும் என்னைப் பார்த்ததும் போத்தலைத் திறந்தார். "ஆண்ட்டி, எனக்கு உதவி பண்ணத்தானே கத்துனீங்க?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? ஒன் கவனத்தக் கலைக்கத்தான் கத்துனேன்! அவ எம் மகடி. நீ சிரிச்சித் தொலைச்சிட்ட, நான் என்ன பண்ண?" என்றார்.

"அப்ப அன்னைக்கி நாங்க பேசுன மத்ததெல்லாம் ஏன் சொல்லல?"

"அதெல்லாம் எனக்கு என்னம்மா புரியும்? பந்து உள்ள போனா கை தட்டுவேன், அவ்ளோதான் தெரியும்." முறுக்கை என் கையில் திணித்துவிட்டு வாசலை நோக்கி நடந்தவர், பாதி வழியில் திரும்பினார். "நீச்சலுக்கும் அனுப்பிப் பாத்தேன்லா. தண்ணியிலகூட வலது பக்கமாத்தான் இழுத்துக்கிட்டுப் போவா!"

கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விட்டார். நான் முறுக்கும் கையுமாக நின்றேன். எல்லாம் புரிந்திருக்கிறது. மகள் தோற்றுவிடுவாள் என்று தெரிந்தும், ஒட்டுக்கேட்டதை வைத்து அவளை ஜெயிக்க வைக்க அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. நானோ, நானாக இருந்தால் சொல்லிவிடுவேன் என்பதற்காக அவரும் சொல்லியிருப்பார் என்று தீர்மானித்துவிட்டேன். அந்த முறுக்கைக் கடிக்கும்போது கண் கலங்கியது. நல்ல மொறுமொறுப்பு, எள் தூக்கலாக இருந்தது.

இறுதியாட்டத்தில் எங்களைப் பிழிந்து காயப்போட்டுவிட்டார்கள், அது வேறு கதை. அரையிறுதியில் வென்ற பிறகு கேண்டீன் அக்கா எனக்கு இரண்டு துண்டு கோழி அதிகம் வைத்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் காம்பாரிலிருந்து சிவப்பு மூடி போட்ட ஒரு போத்தல் இன்றும் வருகிறது. மேலே "வாத்து வீட்டு முறுக்கு" என்று ஒன்பதாம் நம்பர் எழுதியிருப்பாள். காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் அம்மா அதில் அதிரசம் நிரப்பி அனுப்புவார்.

இப்போது ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் தினமும் இருபது பேரின் கண்ணைச் சோதிக்கிறேன். நாற்காலியில் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும், அவருக்கு என்ன மொழி புரியும், என்ன மனசு இருக்கும் என்று என் புத்தி முந்திக்கொண்டு கணக்குப் போடப் பார்க்கும்போதெல்லாம், ஒரு கீழ்ப்படியிலிருந்து என்னை முழுசாக அளந்து முடித்தபிறகும் முறுக்கை நீட்டிய அந்தக் கை ஞாபகம் வரும், உடனே வாயை மூடிக்கொண்டு முதலில் "வணக்கம்" சொல்லிப் பார்க்கிறேன்.